பவேரியக் காட்டுக் காளானில் சீசியம்-137 அளந்தது எப்படி

காளான் கூடைக்கு மேலே கெய்கர் கருவியைக் காட்டிவிட்டு, "ஒன்றும் இல்லை, தாராளமாகச் சாப்பிடலாம்" என்று சொல்லும் வீடியோக்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு பதறும். ஜெர்மனியில் கிலோவுக்கு 600 பெக்கரலுக்கு (ஒரு பெக்கரல் என்றால் நொடிக்கு ஓர் அணுச் சிதைவு) மேல் கதிரியக்கச் சீசியம் இருக்கும் காளானை விற்கக் கூடாது. அந்த வரம்பைத் தொட்டு நிற்கும் ஒரு கூடையின் மேல் சின்னக் கெய்கர் குழாயை ஓரிரு நிமிடம் பிடித்தால், நிமிடத்துக்கு 20 துடிப்பு என்ற வழக்கமான பின்னணியின் ஏற்ற இறக்கத்திலேயே அது காணாமல் போய்விடும். துடிப்பு கொஞ்சம் கூடினாலும் கூட்டியது எது என்று அந்தக் குழாய்க்குத் தெரியாது. காளானில் இயற்கையாகவே பொட்டாசியம் அதிகம். உலர்ந்த காளான் ஒரு கிலோவில் பொட்டாசியம்-40 மட்டுமே ஆயிரம் பெக்கரலைத் தொடும். அதற்கும் செர்னோபிலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

எந்த ஐசோடோப்பு, எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் காமா கதிர் ஒவ்வொன்றின் ஆற்றலையும் அளக்க வேண்டும். சீசியம்-137 சிதையும்போது பேரியம் வழியாக 661.7 கேஇவி (கிலோ எலக்ட்ரான் வோல்ட்) ஆற்றலில் ஒரு காமா வெளிவரும். நூறு சிதைவுக்கு 85 முறை. பொட்டாசியம்-40-இன் கோடு, அதாவது அதன் காமாவுக்கே உரிய ஆற்றல், அதைவிட வெகு தூரத்தில், 1461 கேஇவியில் இருக்கிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கும் ஒரு ஏற்பாட்டை மியூனிக்கில் என் குடியிருப்பின் நிலவறையில் கட்டினேன். நேரத்தையும் உழைப்பையும் பெரும்பாலும் தின்றது காளான் இல்லை, காளான் இல்லாத வெற்று ஜாடி, அதாவது பின்னணியை அளப்பது. அதனால்தான் இந்தப் பதிவிலும் அதற்கே அதிக இடம்.

ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபிலில் உலை வெடித்தது. அந்த மாதக் கடைசியில் மேகம் தெற்கு ஜெர்மனிக்கு மேலே வந்தபோது இங்கே நல்ல மழை. மழை பெய்த இடத்தில் சீசியம் இறங்கியது, பெய்யாத இடம் தப்பித்தது. பவேரியக் காடு, ஆல்ப்ஸ் மலையடிவாரம் எல்லாம் மாட்டிக்கொண்டன. வயல்களில் உழவு அதைக் கலைத்து ஆழத்துக்குக் கொண்டுபோனது, களிமண் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. காட்டில் உழவும் கிடையாது, மேல் அடுக்கில் களிமண்ணும் அரிது. மக்கிய சருகில் இருக்கும் சீசியத்தைப் பூஞ்சை இழைகள் எடுக்கின்றன, காளானாக மேலே தள்ளுகின்றன, அது அழுகி மறுபடி சருகுக்கே போகிறது. அரை ஆயுள் 30 ஆண்டு. அன்று விழுந்ததில் சுமார் 40 சதவீதம் இன்னும் இருக்கிறது.

இனி கருவி.

டிடெக்டர், தாலியம் கலந்த சோடியம் அயோடைடு படிகம். இரண்டு அங்குல விட்டம், இரண்டு அங்குல நீளம், பின்னால் படிகத்தின் மின்னலை மின் துடிப்பாக மாற்றும் போட்டோமல்டிபிளையர் குழாய். பழையதாக வாங்கினேன். சோடியம் அயோடைடு ஈரத்தை உறிஞ்சும். அலுமினிய உறையின் அடைப்பில் மயிரிழை விரிசல் இருந்தாலும் வருடக்கணக்கில் காற்றின் ஈரம் உள்ளே போய்ப் படிகம் மஞ்சளாகிவிடும். அதனால் விற்பவரிடம் சீசியம் முகட்டின் ஸ்பெக்ட்ரம் படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எந்த ஆற்றலில் எத்தனை கதிர் என்று காட்டும் வரைபடம்தான் ஸ்பெக்ட்ரம், அதில் சீசியம் 662-இல் ஒரு முகடாக எழும். முகட்டின் பாதி உயரத்தில் அகலம் 7 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்ல படிகம். 10-ஐத் தாண்டினால் விலை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம்.

படிகத்தில் ஒளி மின்னுவது கால் மைக்ரோ நொடிதான். கணினியின் சவுண்ட் கார்டு 48 கிலோஹெர்ட்ஸில் 20 மைக்ரோ நொடிக்கு ஒருமுறைதான் கண் திறக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு சுற்று உட்கார்ந்து துடிப்பை 100 மைக்ரோ நொடி அளவுக்கு இழுத்து நீட்டித் தருகிறது. அதே பெட்டிதான் குழாய்க்கு 800 வோல்ட்டும் கொடுக்கிறது. துடிப்புகளை ஆற்றல்வாரியாக எண்ணும் மென்பொருள் தெரெமினோ எம்சிஏ, இலவசம். 800 வோல்ட் விளையாட்டில்லை. சுவிட்சை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் மின்னூட்டம் நிற்கும். கேபிளைக் கழற்றும் முன் சில நிமிடம் விடுங்கள்.

முதல் ஸ்பெக்ட்ரத்தில் கீழ்ப்பக்கம், 50 கேஇவிக்குக் கீழே, வேலியைப் போல் இரைச்சல் நின்றது. மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கியதும் பாதி போனது. மின்வழங்கியின் தரைக்கம்பியும் யுஎஸ்பியின் தரைக்கம்பியும் சேர்ந்து ஒரு வளையமாகி, 50 ஹெர்ட்ஸ் முனகலை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தன. தரையிணைப்பை ஒரே புள்ளிக்குக் கொண்டுவந்து, கேபிளின் இரு முனையிலும் ஃபெரைட் வளையம் மாட்டியதும் அடங்கிவிட்டது. மென்பொருளிலேயே துடிப்பின் வடிவத்தைச் சரிபார்க்கும் வடிகட்டி இருக்கிறது. சராசரி வடிவத்திலிருந்து விலகும் துடிப்புகளை அது தள்ளிவிடும். ஆனால் அதை ரொம்ப இறுக்கினால் நல்ல துடிப்பும் சேர்ந்து போகும், எண்ணிக்கை குறையும். ஒருமுறை அமைத்த பிறகு அந்த எண்ணை மாற்றவே கூடாது. மாற்றினால் எல்லா அளவுத்திருத்தமும் முதலிலிருந்து.

அடுத்தது ஈயக் கூண்டு. உள்ளே 15 சென்டிமீட்டர் சதுரம், 25 சென்டிமீட்டர் உயரம், எல்லாப் பக்கமும் 5 சென்டிமீட்டர் ஈயம். கணக்குப் போட்டுப் பார்த்தால் 180 கிலோவைத் தாண்டுகிறது. மாடி வீட்டு மரத்தளத்தில் இதை வைக்கலாமா என்று யோசிக்கக்கூட வேண்டாம், நிலவறை கான்கிரீட்தான் சரி. கட்டிகளின் விளிம்பு ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும்படி கோணம் வெட்டியதாக இருந்தால் நல்லது. நேர்விளிம்புக் கட்டிகளில் இடுக்கு வழியே கதிர் நேராக நுழையும். ஈயத்தை வெறுங்கையால் தொடாதீர்கள். கையுறை போட்டு, ஒவ்வொரு கட்டியையும் டேப் சுற்றிய பிறகே அடுக்கினேன். பழைய கட்டி எந்த ஆய்வகத்தில் எதைத் தொட்டுக்கொண்டிருந்ததோ தெரியாது, ஆகவே அடுக்கும் முன் ஒவ்வொன்றையும் டிடெக்டர் முன்னால் வைத்துப் பார்ப்பது அவசியம்.

5 சென்டிமீட்டர் ஈயம் 662 கேஇவி கதிரை ஐந்நூறில் ஒன்றாக்கிவிடும். சுவரில் இருக்கும் தோரியத்தின் 2614 கேஇவி கதிருக்கோ பத்தில் ஒரு பங்கு உள்ளே வரும். வந்தது படிகத்தில் மோதிச் சிதறி, ஆற்றலில் ஒரு பகுதியை மட்டும் விட்டுச் செல்லும்போது நம் 662 பகுதியிலும் விழும். கான்க்ரீட் சுவர் நம்மை விடுவதில்லை. இன்னொரு பக்கம், ஈயமே கதிர் பட்டு 75 கேஇவியில் எக்ஸ் கதிரை உமிழும். அதைத் தடுக்க உட்பக்கம் செம்புத் தகடு வேய்ந்தேன். ஈயத்திலேயே ஈயம்-210 என்ற ஐசோடோப்பு கலந்திருக்கிறது, அரை ஆயுள் 22 ஆண்டு. உருக்கி நூற்றாண்டுகள் ஆன ஈயத்தில் அது செத்துப்போயிருக்கும். இத்தாலியின் கிரான் சாஸோ சுரங்கத்தில் நடக்கும் க்யூரே என்ற இயற்பியல் சோதனைக்கு, கடலுக்கடியில் மூழ்கிய ரோமானியக் கப்பலிலிருந்து எடுத்த ஈயத்தைப் பயன்படுத்தினார்கள். ஈராயிரம் வருடத்துக்கு முந்தைய ஈயம் நமக்குத் தேவைப்படாது. ஆனால் எதற்காக அவர்கள் அவ்வளவு மெனக்கெட்டார்கள் என்பது, வெற்றுக் கூண்டின் ஸ்பெக்ட்ரத்தை ஓர் இரவு ஓடவிட்டுப் பார்த்தால் புரிந்துவிடும்.

கூண்டுக்கு வெளியே நொடிக்கு 200-ஐ ஒட்டி இருந்த எண்ணிக்கை, உள்ளே 10-க்குக் கீழே வந்தது. சீசியத்துக்கு நான் ஒதுக்கிய 600 முதல் 720 கேஇவி வரையான சன்னலில் நொடிக்கு அரை எண்ணிக்கை. இதற்கு மேல் கூண்டு செய்ய ஒன்றுமில்லை என்று தோன்றியபோதுதான், மண்ணிலிருந்து கசியும் கதிரியக்க வாயுவான ரேடான் முகம் காட்டியது.

வெற்று ஜாடியை வெவ்வேறு இரவுகளில் அளந்தால் எண் ஒன்றாக வரவில்லை. ஏற்ற இறக்கத்துக்கு இடம் கொடுத்துப் பார்த்தாலும் வித்தியாசம் அதிகம். எங்கே கூடுகிறது என்று ஸ்பெக்ட்ரங்களை ஒன்றின் மேல் ஒன்று போட்டுப் பார்த்தேன். 295, 352, 609 கேஇவி மூன்றும் ஒன்றாக ஏறின, ஒன்றாக இறங்கின. முதல் இரண்டும் ஈயம்-214, மூன்றாவது பிஸ்மத்-214. இரண்டுமே ரேடானின் வாரிசுகள். நிலவறையின் சன்னல் மூடியிருந்த குளிர் இரவுகளில் அதிகம், காற்றோட்டம் இருந்த இரவுகளில் குறைவு. குளிர்காலத்தில் சூடேறிய கட்டடம் மண்ணுக்கடியிலிருந்து காற்றை மேலே உறிஞ்சுகிறது. அதோடு ரேடானும் வருகிறது, முதலில் வந்து சேரும் இடம் நிலவறை.

இதில் என்ன பெரிய பாதிப்பு என்று நினைப்பவர்களுக்காக ஒரு கணக்கு. ஜெர்மனியில் வீடுகளுக்கான ரேடான் குறிப்பளவு கனமீட்டருக்கு 300 பெக்கரல். என் கூண்டின் உள்ளிடம் 5.6 லிட்டர். அறைக் காற்றில் அந்த அளவு ரேடான் இருந்தால், மூடியை மூடும்போது 1.7 பெக்கரல் ரேடானையும் உள்ளே வைத்து மூடுகிறேன். இந்தக் கருவியில் ஓர் இரவில் நான் கண்டுபிடிக்கக்கூடிய மிகக் குறைந்த சீசியமே 1.2 பெக்கரல்தான்! 609-இன் முகடு, 7 சதவீத அகலத்தில், 662-இன் இடது தோளில் வந்து சாய்ந்துகொள்ளும். போதாக்குறைக்கு பிஸ்மத்-214-க்கு 665-இலும் சன்னமாக ஒரு கோடு உண்டு. சீசியமே இல்லாத ஜாடியில் சீசியம் இருப்பதாகக் கருவி சொல்வதற்கு இது போதும். வீட்டில் அளந்து "மாசு கண்டுபிடித்தேன்" என்று படம் போடுகிறவர்களில் எத்தனை பேர் 352-ஐத் திரும்பிப் பார்த்திருப்பார்கள் என்ற கவலை எனக்கு உண்டு.

காத்திருந்தால் சரியாகுமா என்றால், ஆகாது. பிஸ்மத்-214-இன் அரை ஆயுள் 20 நிமிடம்தான், ஆனால் அதைத் தொடர்ந்து பெற்றுப்போடும் ரேடான்-222-க்கு 3.8 நாள். உள்ளே அடைபட்ட ரேடான் ராத்திரி முழுக்க வேலை செய்யும். பெரிய ஆய்வகங்களில் நைட்ரஜனை ஊதிக் காற்றை வெளியேற்றுவார்கள். நான் காற்றுக்கு இடமே இல்லாமல் செய்தேன். டிடெக்டரையும் ஜாடியையும் சுற்றி மிச்சமிருந்த இடத்தில் பாலிஎத்திலீன் கட்டைகளை அச்சாக வெட்டி நிரப்பினேன். அளவீட்டுக்கு முன்னால் சில மணி நேரம் அறைச் சன்னலைத் திறந்து மின்விசிறியை ஓடவிடுகிறேன், சன்னல் திறந்தபடியே அளவீட்டை முடிக்கிறேன். வெற்று ஜாடிக்குப் பதிலாக, மாதிரி எடைக்குத் தண்ணீர் ஊற்றிய ஜாடி. காலி ஜாடி வைத்தால் கீழிருந்து வரும் கதிரை மறைக்க எதுவும் இருக்காது, மாதிரி வைத்தால் மறைக்கும். இரண்டும் ஒப்பாகாது. காளான் ஓர் இரவு, தண்ணீர் ஓர் இரவு, மறுபடி காளான் என்று மாற்றி மாற்றி ஓட்டுகிறேன். 352 முகடு இரண்டிலும் சமமாக இல்லாவிட்டால் அந்த ஜோடியைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆற்றல் அச்சைத் திருத்துவது இதைவிட எளிது. உப்புக்கு மாற்றாக விற்கும் பொட்டாசியம் குளோரைடு 1461-க்கு. தோரியம் கலந்த பழைய டிக் வெல்டிங் கம்பி 239, 583, 911, 2614-க்கு. புகை உணரியை உடைத்து அமெரிசியத்தை எடுக்கச் சொல்லும் குறிப்புகளைப் பார்த்தால் கடந்துபோய்விடுங்கள். இங்கே சட்டப்படி குற்றம், அதோடு உடைந்தால் மூச்சில் போகும் பொருள் அது. வெப்பநிலை மாறினால் முகடுகள் நகரும், ஆகவே ஒவ்வொரு அளவீட்டிலும் மாதிரியிலேயே இருக்கும் பொட்டாசியத்தின் 1461 எங்கே நிற்கிறது என்று பார்த்து அச்சைச் சரிசெய்கிறேன்.

திறன் திருத்தம்தான் கடினம். ஜாடியில் 100 காமா பிறந்தால் படிகத்தில் எத்தனை முழு ஆற்றலோடு பதிவாகும்? பொட்டாசியம் குளோரைடு கிராமுக்குச் சுமார் 16 பெக்கரல் என்பதால் 1461-இல் இதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். 662-க்கு அப்படி எதுவும் கடையில் கிடையாது. ஆற்றலை இன்னும் துல்லியமாகப் பிரிக்கும் ஜெர்மானியம் டிடெக்டர் வைத்திருக்கும் ஓர் ஆய்வகத்தில் காளான் தூள் ஒன்றை அளந்து, எண்ணையும் அதன் பிழை எல்லையையும் எழுதி வாங்கினேன். அதே தூளை அதே 300 மில்லி ஜாடியில் அதே உயரத்துக்கு நிரப்பி அளந்ததில் 1.5 சதவீதம் வந்தது. வேறு ஜாடிக்கு இந்த எண் செல்லாது. மண்ணுக்கும் செல்லாது.

மாதிரி, மரோனன் என்று இங்கே அழைக்கும் பழுப்புத் தொப்பிக் காளான். ஆய்வுக்கு இது நல்ல தேர்வு, ஏனென்றால் தொப்பித் தோலுக்குப் பழுப்பு நிறம் தரும் நார்பேடியோன் என்ற நிறமி சீசியத்தைப் பற்றிப் பிடிக்கும். அதைக் கொடுத்தது ஒரு நண்பர் குடும்பம், யாழ்ப்பாணத்துக்காரர்கள், பல வருடமாகப் பவேரியக் காட்டுப் பக்கம் காளான் பொறுக்கப் போகிறவர்கள். "அண்ணை, இதைச் சமைக்கலாமோ, கொட்டுறதோ? அதை மட்டும் சொல்லுங்கோ" என்றார் அந்த வீட்டுத் தங்கச்சி. மண்ணைத் துடைத்து (கழுவினால் சீசியம் கொஞ்சம் தண்ணீரோடு போகும்), சீவி, 60 டிகிரியில் உலர்த்தினேன். 1.2 கிலோ பச்சைக் காளான் 120 கிராம் சருகானது. மிக்ஸியில் தூளாக்கி உடனே ஜாடியில் அடைத்து எடை போட்டேன். தாமதித்தால் ஈரம் ஏறி எடை பொய் சொல்லும். காளான் தூள் பறக்கும், முகமூடி போட்டுக்கொண்டு அரையுங்கள்.

662 முகடு அரை மணி நேரத்திலேயே திரையில் மலை மாதிரி எழுந்துவிட்டது. 6 மணி நேரம் ஓடவிட்டேன். தண்ணீர் ஜாடியின் ஸ்பெக்ட்ரத்தைக் கழித்தேன். மாதிரியின் பொட்டாசியம் சிதறி 662-க்கு அடியில் மேடை போட்டிருக்கும். அதைப் பொட்டாசியம் குளோரைடு ஸ்பெக்ட்ரத்தை 1461 உயரத்துக்குச் சுருக்கிக் கழித்தேன். மிஞ்சியது 93,000. அதை 21,600 நொடியால் வகுத்தால் நொடிக்கு 4.31. திறன் 0.015, உமிழ்வு 0.851, இரண்டையும் பெருக்கி வகுத்தால் 337 பெக்கரல். உலர் எடைக்குக் கிலோவுக்கு 2,800. பச்சை எடைக்குக் கிலோவுக்கு 280. எண்ணிக்கையின் பிழை ஒரு சதவீதத்துக்கும் கீழே. ஆனால் ஆய்வகம் தந்த எண்ணின் பிழை, ஜாடியை நிரப்பும் உயரம், ஈரம் எல்லாம் சேர்ந்து 10 சதவீதம் என்று வைத்துக்கொள்கிறேன். ஆகவே 280, கூட்டல் கழித்தல் 30. இதில் 281 என்று எழுதுவது நேர்மை ஆகாது.

சீசியம்-134-இன் 796 கேஇவி இடத்தில் எதுவும் இல்லை. அதன் அரை ஆயுள் இரண்டு ஆண்டு, 1986-இல் வந்தது இப்போது ஐந்து லட்சத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அங்கே ஒரு முகடு தெரிந்தால் வேறு ஏதோ புதிய கசிவு என்று அர்த்தம், ஆகவே ஒவ்வொரு முறையும் பார்த்துவிடுகிறேன். ஆனால் இந்த 137 முழுக்கச் செர்னோபிலுடையதா என்று என் கருவியால் சொல்ல முடியாது. 1960-களின் அணுகுண்டுச் சோதனைகளும் இதே ஐசோடோப்பைத் தூவின. வியன்னா, ஹனோவர் ஆய்வாளர்கள் 2023-இல் பவேரியக் காட்டுப்பன்றி இறைச்சியில் சீசியம்-135-க்கும் 137-க்கும் உள்ள விகிதத்தை அளந்து, குண்டுகளின் பங்கு கணிசமாக இருப்பதைக் காட்டினார்கள். பன்றி மண்ணுக்கடியில் தோண்டித் தின்னும் மான் ட்ரஃபிள் பூஞ்சைதான் அதற்கு வழி. சீசியம்-135 காமா உமிழாது, அதற்கு அணுக்களை எடைவாரியாகப் பிரிக்கும் நிறை நிறமாலைமானி வேண்டும்.

நண்பர் வீட்டுக்கு எழுதிக் கொடுத்தது இதுதான்: விற்பனை வரம்பான 600-க்குப் பாதிக்கும் கீழே, ஜப்பானில் உணவுக்கான வரம்பு 100 என்பதால் அங்கே இது கடைக்கு வந்திருக்காது, தாமே பொறுக்கித் தின்பதற்குச் சட்டத்தில் வரம்பு இல்லை. 200 கிராம் சமைத்தால் 56 பெக்கரல், வயது வந்தவருக்கு அதனால் உடம்பு வாங்கும் கதிர்வீச்சு ஒரு மைக்ரோசீவர்ட்டுக்கும் குறைவு. நம் உடம்பிலேயே பொட்டாசியம்-40 நாலாயிரம் பெக்கரலுக்கு மேல் எப்போதும் இருக்கிறது. எப்போதாவது ஒரு குழம்பு வைப்பதில் நான் பயப்பட எதையும் காணவில்லை, வாராவாரம் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதாக இருந்தால் வேறு வகைக் காளானைப் பொறுக்கலாம். தொப்பித் தோலை உரித்தால் குறையும் என்றும் சேர்த்து எழுதினேன், ஏனென்றால் தொப்பியையும் தண்டையும் தனித்தனியாக அரைத்து அளந்தபோது தொப்பியில் இரண்டு மடங்குக்கும் மேல் வந்தது.

இந்த ஏற்பாடு சொல்லாதவற்றையும் பதிந்துவைக்கிறேன். ஸ்ட்ரான்சியம்-90 பீட்டா மட்டுமே உமிழும், அதை வேதிமுறையில் பிரித்தால்தான் அளக்க முடியும். புளூட்டோனியம் ஆல்ஃபா, அதுவும் இங்கே தெரியாது. 662-இல் எதுவும் இல்லை என்பதற்குச் சீசியம் இந்த அளவுக்குக் கீழே என்று மட்டும்தான் பொருள். அந்த அளவை 1968-இல் லாயிட் க்யூரி (மேரி க்யூரி இல்லை) என்ற வேதியியலாளர் தந்த சூத்திரத்தால் கணக்கிடுகிறேன்: பின்னணி எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை 4.65-ஆல் பெருக்கி 2.71 கூட்ட வேண்டும். 12 மணி நேரத்தில் என் 600-720 கேஇவி சன்னலில் 21,600 எண்ணிக்கை விழுகிறது, அதிலிருந்து வருவதுதான் மேலே சொன்ன 1.2 பெக்கரல். 120 கிராம் தூளில் கிலோவுக்குப் பத்து. நேரத்தை நான்கு மடங்கு கூட்டினால்தான் இது பாதியாகும், அதற்குள் ரேடான் வேறொரு நிலைக்குப் போய்விடுகிறது.

அடுத்து மண். காளான் எடுத்த அதே இடத்தில் சருகு அடுக்கு, அதற்குக் கீழே ஐந்து ஐந்து சென்டிமீட்டராக வெட்டிய அடுக்குகள், எல்லாம் உலர்ந்து காத்திருக்கின்றன. மண்ணின் அடர்த்தி காளான் தூளைப்போல மூன்று மடங்கு, 662 கதிரில் ஒரு பகுதியை மண்ணே விழுங்கிவிடும். அதற்கான திறன் எண்ணைக் கண்டுபிடிக்க, அளவு தெரிந்த மண் மாதிரி ஒன்றுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். இதற்கிடையில் ஜாடியில் உலர்ந்த ஆற்றுமணல் போட்டுப் பின்னணி ஓடிக்கொண்டிருக்கிறது. மணலிலேயே யுரேனியம், தோரியம் வரிசைகள் இருப்பதால் 609-உம் 583-உம் இந்தமுறை ஜாடிக்குள்ளிருந்தே வருகின்றன, அதைப் பிரிக்கும் வழி பிடிபட்டதும் மண் கணக்கைத் தனிப் பதிவாக எழுதுகிறேன்.